நூறு கோடிக்கு எங்கள் ஊரா?

நலத்திட்டம் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். காது கூசுகிறது.

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாம் நாள். தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன சனத்தின் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். இங்கே கனடாவின் மார்க்கம் நகரில் நடுச்சாமம். எந்த வீட்டில் எழவு விழுந்ததோ என்று விடிய விடியப் போனும் கையுமாகக் கிடந்தோம், பாவிகள்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 15 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூடப்பட்ட ஆலையைத் திறக்கலாம் என்றது. கூடவே, சுற்றுவட்டார மக்களின் நலனுக்கு மூன்று ஆண்டுகளில் 100 கோடி ரூபாய் செலவிட வேண்டுமாம். அந்தத் தொகையைத் தருவதாகச் சொன்னதே கம்பெனிதான். ஐயா, ஆலையை ஒட்டிய குமரெட்டியபுரத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்த பெண்கள் உங்களிடம் ஆஸ்பத்திரியா கேட்டார்கள்? ஆலையை மூடு என்றார்கள். அது ஒன்றுதான் கேட்டார்கள்!

2013 ஏப்ரலிலும் இதே 100 கோடிதான். சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்கு இழப்பீடு கட்டு, ஆலையை ஓட்டிக்கொள் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு வந்த கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. மீதி 98 எப்படி வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

கனடாவுக்கு வந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? உலகச் சுரங்கக் கம்பெனிகள் பணம் திரட்ட ஓடிவரும் சந்தை டொரொண்டோ. வளரும் நாடுகளில் கனடியச் சுரங்கக் கம்பெனிகள் செய்யும் அநியாயத்தை விசாரிக்கவும், தவறினால் அரசு உதவியை நிறுத்தவும் அப்போதைய ஸ்கார்பரோ எம்.பி. ஜான் மெக்கே சி-300 மசோதாவைக் கொண்டுவந்தார். 2010 அக்டோபரில் 140க்கு 134 என்று தோற்றது. ஆறே வாக்கு! எத்தனை நாட்டு ஏழைகளின் கிணறும் காணியும் அந்த ஆறு வாக்கில் போயின.

2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட்டின் உரிமையாளரான வேதாந்தா ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டைத் தள்ளியது. நல்லது. ஆனால் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் குற்றம் சுமத்திய அதிகாரிகளில் எவர் சிறைக்குப் போனார்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு யார் பதில் சொல்வது?

பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எங்கள் வரிப்பணத்தில் கட்டட்டும். கம்பெனிக்காரர்களே, நீங்கள் கெடுத்த மண்ணையும் தண்ணீரையும் சுத்தம் செய்து கொடுங்கள். வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்கிற ஊருக்குள் இனி கால் வைக்காதீர்கள்.