ஒன்றரை மணி நேரம் என்று சொல்லாதீர்கள்

பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "ஒண்ணுன்னா பிளைட்ல ஒன்றரை மணி நேரத்துல வந்துருவேன்." 2025 ஜூலை 26-ல் வாகைகுளத்தில் புது முனையம் திறந்த பிறகு இது அதிகமாகிவிட்டது. "சார், நெட்ல 40 நிமிஷம்னுதான் காட்டுது" என்று ஒருவன் எனக்கே அனுப்பினான்.

ஏலே, அது வெறும் வகுத்தல் கணக்கு. சென்னைக்கும் வாகைகுளத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 527 கி.மீ. ஜெட் வேகம் 800 என்று வைத்து வகுத்தால் 40 நிமிடம். ஆனால் இந்த வழியில் பல வருடமாகப் பறப்பது காற்றாடி வைத்த ஏடிஆர். அதன் வேகம் 500 சொச்சம்தான். ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி. 1350 மீட்டர் ஓடுபாதையை 3115 மீட்டராக நீட்டியது நல்ல காரியம், மறுக்கவில்லை. பெரிய விமானமே வந்தாலும் மிச்சமாவது அரைமணிக்கும் குறைவு.

நேரம் போவது தரையில். ஆழ்வார்குறிச்சியிலிருந்து அம்பை, திருநெல்வேலி வழியாக வாகைகுளம் போக இரண்டேகால் மணி நேரம். அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி. பறப்பது ஒன்றரை. மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து, அம்பத்தூர் வீட்டுக்குப் போக இன்னும் ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், ஏழு மணிக்குக் கால் மணிதான் குறைவு. வந்தே பாரத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு எட்டு மணிக்குள் போய்விடுகிறது.

நேர்கோட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. வரைபடத்தில் அளந்தால் நமக்கு வாகைகுளம் சுமார் 70 கி.மீ., திருவனந்தபுரம் 60 சொச்சம். அதாவது திருவனந்தபுரம்தான் பக்கம்! நடுவே பொதிகை மலை நிற்பது கோடு போடுகிறவனுக்குத் தெரியாது. தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு என்று மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். தூரம் இரண்டு மடங்கு, நேரம் மூன்றரை மணிக்கு மேல். வளைகுடாவிலிருந்து அந்த வழியாக வருகிற பையன்களைக் கேளுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கோபம் என்றால், பெரியவர்கள் இந்த வசனத்தை நம்பிவிடுகிறார்கள். பாதி ராத்திரியில் நெஞ்சு வலித்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்குப் பதில் மகனுக்குப் போன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் விமானமே கிடையாது என்று அவர்களுக்கு யார் சொன்னது? துஷ்டி வீடுகளில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து "பிளைட்ல ஏறிட்டானா, இறங்கிட்டானா" என்று மணி எண்ணுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மத்தியானம் எடுக்கவேண்டியது இருட்டிப் போகிறது.

ஆகையால் "ஏழு மணி நேரம் ஆகும்மா" என்று உண்மையைச் சொல்லுங்கள். ராத்திரி ஒன்றென்றால் காரை எடுத்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யார் வருவார் என்று இந்தத் தடவை ஊருக்கு வரும்போதே பேசி வையுங்கள். அவர் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இன்னொன்று. என் மாணவர்களில் அரசு வேலையில் இருப்பவர்களும் கட்சிக்காரர்களும் இருக்கிறீர்கள். முனையத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்தாயிற்று. தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பை வழியாக, விமான நேரத்தை ஒட்டி ஓர் அரசுப் பேருந்து வாகைகுளம் வரை ஓடட்டும். மனு நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.