வம்புக்காரர் டு பயிற்சியாளர்: வேல்ஸ் அணியை கிரெய்க் பெல்லமி மாற்றியது எப்படி?

2025 நவம்பர் 18. கார்டிஃப் மைதானத்தில் வடக்கு மாசிடோனியாவை 7-1 என்று புரட்டி எடுத்தது வேல்ஸ். உலகக் கோப்பை தகுதிச்சுற்றில் பெல்ஜியத்துக்கு அடுத்த இரண்டாம் இடம். 2026 மார்ச்சில் பிளே-ஆஃப் அரையிறுதியில் போஸ்னியாவை சொந்த மண்ணிலேயே சந்திக்கும் வாய்ப்பும் கிடைத்தது. சுமார் 31 லட்சம் பேர் வாழும் நாடு இது. இதுவரை உலகக் கோப்பையில் ஆடியது 1958, 2022 என இரண்டே முறை.

யார் இந்த பெல்லமி?

1979-ல் கார்டிஃபில் பிறந்தவர். மின்னல் வேக ஃபார்வர்டு. நியூகாசில், லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி என்று ஊர் ஊராக ஆடி, ஏழு வெவ்வேறு கிளப்களுக்காக பிரீமியர் லீக்கில் கோல் அடித்தவர். வேகத்துக்குச் சமமாக வாயும் உண்டு. 2007-ல் லிவர்பூல் அணியின் போர்ச்சுகல் முகாமில் சக வீரர் ரீஸாவை கோல்ஃப் மட்டையால் தாக்கியது பெரும் சர்ச்சையானது. சில நாட்களிலேயே பார்சிலோனாவுக்கு எதிராக கோல் போட்டுவிட்டு, கோல்ஃப் அடிப்பதுபோல நடித்துக் காட்டினார் மனுஷன்! அதே பெல்லமிதான் சியரா லியோனில் ஏழைச் சிறுவர்களுக்காக கால்பந்துப் பள்ளியும் நடத்தினார்.

தீராத ஏக்கம்

வேல்ஸுக்காக 78 போட்டிகள், 19 கோல்கள். 2002-ல் இத்தாலியை 2-1 என வீழ்த்திய கோலும் அவருடையதே. ஆனால், அவர் ஆடிய காலம் முழுக்க வேல்ஸ் ஒரு பெரிய தொடருக்குக்கூட தகுதி பெறவில்லை. யூரோ 2004 பிளே-ஆஃபில் ரஷ்யாவிடம் ஒரே கோலில் வாய்ப்பு நழுவியது. அவர் ஓய்வு பெற்றது 2014-ல். யூரோ 2016-ல் வேல்ஸ் அரையிறுதி வரை போனது.

ஓய்வுக்குப் பிறகும் அடி மேல் அடி. மனச்சோர்வு, பண முதலீட்டில் ஏமாற்றம், 2023-ல் திவால் அறிவிப்பு. எதையும் அவர் மறைக்கவில்லை.

என்ன மாற்றினார்?

சிட்டியில் உடன் ஆடிய வின்சென்ட் கொம்பனியோடு ஆண்டர்லெக்ட், பர்ன்லி கிளப்களில் வேலை பார்த்து தொழில் கற்றார். கொம்பனி பேயர்ன் மியூனிக்குக்குப் போக, 2024 ஜூலையில் பெல்லமிக்கு வேல்ஸ் பொறுப்பு வந்தது.

பின்னால் பதுங்கி, கிடைத்த கேப்பில் ஓடுவது வேல்ஸின் பழைய பாணி. பெல்லமியின் அணி பந்தை வைத்து ஆடுகிறது. இழந்தால் உடனே பாய்ந்து பறிக்கிறது. முதல் ஒன்பது போட்டிகளில் தோல்வியே இல்லை. நேஷன்ஸ் லீக்கில் 'ஏ' பிரிவுக்கு உயர்ந்தாயிற்று.

பலவீனம் எங்கே?

இந்த ஆட்டத்தில் ரிஸ்க் அதிகம். முன்னேறி நிற்கும்போது பின்னால் இடம் திறந்துவிடும். 2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் 0-3 என்று விழுந்து, 3-3 என்று எழுந்து, கடைசியில் 3-4 எனத் தோற்றார்கள். அக்டோபரில் வெம்ப்ளியில் இங்கிலாந்திடம் 0-3. அடுத்த சில நாட்களில் கார்டிஃபிலேயே பெல்ஜியத்திடம் 2-4. பலமான அணிகள் அந்த இடைவெளியைத் தேடிப் பிடித்து அடிக்கின்றன.

பிளே-ஆஃபோ ஒரே போட்டி. தோற்றால் கதை முடிந்தது. அங்கேயும் பாணியை விட்டுக்கொடுக்காமல் ஆடுவாரா, கொஞ்சம் அடக்கி வாசிப்பாரா என்பதே அப்போதைய கேள்வி. வீரராகத் திறக்காத கதவு, பயிற்சியாளராகத் திறக்குமா என்பது அந்த முடிவில்தான் இருந்தது.