பெரிய வண்டிக்கும் காற்றுக் காவல் வேண்டும்

அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான எந்தப் புதுக் காரிலும், டயரில் காற்று வெகுவாக இறங்கினால் ஓட்டுநரின் கண்முன் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஒன்றரை டன் எடையுள்ள சின்னக் காருக்கும் இது கட்டாயம். படுக்கை, சமையலறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை என்று ஒரு முழு வீட்டையே சுமந்துகொண்டு அதே நெடுஞ்சாலையில் போகும் 15 டன் மோட்டார்ஹோமுக்கு அது கட்டாயமில்லை. முழுச் சுமையோடு 10,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4,536 கிலோவுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட வண்டி என்றால் விலக்கு. அச்சில் இரட்டை டயர் பூட்டிய வண்டி என்றாலும் விலக்கு. டயர் வெடித்தால் அதிக நாசம் எந்த வண்டியால் நேருமோ, அந்த வண்டியைத்தான் சட்டம் வெளியே நிறுத்தியிருக்கிறது. இதை மாற்ற வேண்டும். மாறும்வரை, மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களே டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவியை வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இந்தச் சட்டம் எதிலிருந்து பிறந்தது என்று பார்த்தால், விலக்கு இன்னும் உறுத்தும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரின் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 271 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. எக்ஸ்ப்ளோரரின் டயருக்கு 26 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) போதும் என்று ஃபோர்டு பரிந்துரைத்திருந்தது. 30 இருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். நான்கு பி.எஸ்.ஐ. வித்தியாசத்தைச் சுற்றி இரண்டு பெரும் நிறுவனங்கள் மோதிக்கொண்டதை நாடே பார்த்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ‘டிரெட்’ சட்டம் வந்தது. அதன்படி 2005இல் எழுதப்பட்ட விதிதான் இன்று கார்களில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு.

மோட்டார்ஹோம்களுக்கும் தனியாக ஒரு கசப்பான கதை உண்டு. குட்இயர் நிறுவனத்தின் ‘ஜி159’ என்ற டயர் 1996 முதல் 2003 வரை விற்பனையில் இருந்தது. அதில் 275/70ஆர்22.5 என்ற அளவு பல மோட்டார்ஹோம்களில் பொருத்தப்பட்டது. டயர் பழுதாகி வண்டிகள் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தன, வழக்குகள் வந்தன. அதில் ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017இல் வந்த அந்தத் தீர்ப்பிலேயே, மணிக்கு 55 முதல் 65 மைல் வேகத்தில் அந்த டயர் வழக்கத்துக்கு மீறிச் சூடானதைச் சோதனைகள் காட்டின என்ற விவரம் பதிவாகியிருக்கிறது. நெடுஞ்சாலையில் எல்லோரும் போகும் சாதாரண வேகம் அது. கடைசியில் 2022 ஜூனில்தான் அந்த அளவு டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரில் குறையில்லை, காற்றைக் குறைவாக வைத்ததும் சுமையைக் கூட்டியதும்தான் காரணம் என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அடுத்த கேள்வி எழுகிறது. காற்றுக் குறைவு இவ்வளவு ஆபத்தானது என்றால், குறைவதைச் சொல்லும் கருவி ஏன் அந்த வண்டிகளில் கட்டாயமாக்கப்படவில்லை?

மோட்டார்ஹோமின் வாழ்க்கை டயருக்கு ஏற்றதல்ல. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மைல் ஓடும். நிற்கும் காலத்தில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வீட்டுச் சாமான் ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு ஏறியது என்று யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. குளிர்பெட்டியும் அலமாரியும் ஒரே பக்கமாக அமைந்துவிட்டால் இடதுபக்கச் சக்கரமும் வலதுபக்கச் சக்கரமும் ஒரே சுமையைத் தாங்குவதில்லை. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் பிதுங்கி மடங்கும். அந்த மடக்கம் வெப்பமாக மாறும், வெப்பம் ரப்பரையும் உள்ளே இருக்கும் எஃகு இழைகளையும் பிரிக்கும். வெடிப்பு ஒரு நொடியில் நடப்பதுபோலத் தெரிகிறது. அதற்கான வேலை பல மணி நேரம், சில சமயம் பல பயணங்களாகவே நடந்து வந்திருக்கும்.

ஓட்டுநருக்கு இது தெரிவதே இல்லை. பின்னச்சில் ஜோடியாக இருக்கும் டயர்களில் உள்டயர் காற்றிழந்தால், பக்கத்து டயர் இரண்டு பேரின் சுமையையும் தாங்கிக்கொண்டு ஓடும். ஸ்டீயரிங்கில் ஒரு அசைவும் இருக்காது. கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் பழைய லாரிக்காரர் வழக்கத்தால் 20, 30 பி.எஸ்.ஐ. குறைவைக்கூடப் பிடிக்க முடியாது. மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துப் போவது அமெரிக்காவில் சகஜம். அந்தக் காரில் ஒரு டயர் பஞ்சராகி, கிழிந்து, வெறும் ரிம்மில் தீப்பொறி பறக்க ஓடினாலும் 12 மீட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால்தான் உண்டு.

வணிக லாரி ஓட்டுபவருக்குப் பயிற்சியும் தனி உரிமமும் உண்டு. புறப்படுமுன் வண்டியைச் சுற்றிவந்து சோதிப்பது அவருக்கு விதி. சொந்தப் பயணத்துக்கு மோட்டார்ஹோம் ஓட்டுபவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமமே போதும். பயிற்சி குறைவாக இருக்கும் இடத்தில்தான் கருவி அதிகம் தேவை.

கடைகளில் இந்தக் கருவி வாங்கக் கிடைக்கிறது. சில நூறு டாலருக்குள் ஆறு டயருக்கும் இழுத்துப்போகும் காருக்கும் சேர்த்துப் பொருத்திவிடலாம். ஒரு டயர் வெடித்துச் சக்கரக்குழியைக் கிழித்து, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் அறுத்துவிட்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் எதை வாங்குவது என்பதில் கவனம் வேண்டும்.

ஒவ்வொரு டயரிலும் அழுத்தத்தை அளந்து ஓட்டுநரின் திரைக்கு அனுப்பும் உணரிகளில் இரண்டு வகை. ஒன்று, ரிம்முக்குள்ளே கட்டப்படுவது. டயருக்குள் இருக்கும் உண்மையான வெப்பத்தை அது நன்றாகச் சொல்லும், ஆனால் பேட்டரி தீர்ந்தால் டயரையே கழற்ற வேண்டும். மற்றொன்று, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிப் பொருத்துவது. மோட்டார்ஹோம்காரர்கள் பெரும்பாலும் நாடுவது இதைத்தான். இதிலும் கழற்றாமலே காற்றடிக்க வழிவிடும் ரகம் உண்டு, கழற்றினால்தான் காற்றடிக்க முடியும் என்கிற ரகமும் உண்டு. உள்டயரின் வால்வை எட்டிப் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கும் வண்டிகளுக்கு முதல் ரகம் நல்லது. அது கொஞ்சம் கனமானது என்பதால் ரப்பர் வால்வில் அதை மாட்டவே கூடாது. சுழலும் வேகத்தில் ரப்பர் வளைந்து வெடிப்புவிட்டு, காற்றைக் காக்க வந்த கருவியே கசிவுக்குக் காரணமாகிவிடும். கார்களில் இருக்கும் சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெரிய மோட்டார்ஹோமின் டயரில் 100க்கு மேலேயும் காற்று பிடிக்கிறார்கள். ஆகவே முதலில் உலோக வால்வு, பிறகு உணரி. பொருத்தியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

12, 13 மீட்டர் நீளமுள்ள, உலோகம் நிறைந்த வண்டியில் கடைசிச் சக்கரத்தின் சமிக்ஞை முன்னிருக்கைக்கு வந்துசேர்வது நிச்சயமில்லை. நடுவில் சமிக்ஞையை வாங்கி மறுபடி அனுப்பும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். ஒரு உணரி பேசாமல் போனால் அதையும் திரை எச்சரிக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். பேட்டரி செத்த உணரியின் பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும் திரை, கருவியே இல்லாததைவிட மோசமானது. மெல்ல இறங்கும் காற்றையும் ஒரு நிமிடத்துக்குள் சரசரவென்று இறங்கும் காற்றையும் பிரித்துச் சொல்கிறதா, வண்டி நின்றிருக்கும்போதும் அளவு காட்டுகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஓடினால் மட்டும் விழித்துக்கொள்ளும் உணரி, காலையில் புறப்படுமுன் பார்க்க உதவாது.

பலர் தவறுவது வாங்குவதில் அல்ல, அமைப்பதில். கார்களுக்கான விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தபின் 20 நிமிடத்துக்குள் விளக்கு எரிந்தால் போதும். லாரி டயர் துறையிலோ, 20 சதவீதம் குறைந்து ஓடிய டயரையே காற்றில்லாமல் ஓடிய டயராகக் கருதி, கழற்றி உள்ளே சோதிக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 பி.எஸ்.ஐ. வேண்டிய டயர் 80க்கு இறங்கும்போதே காயப்பட்டுவிடுகிறது. கார் கணக்கில் எச்சரிக்கை வருவது 75இல். மணிக்கு 65 மைல் வேகத்தில் 20 நிமிடம் என்பது 35 கிலோமீட்டர். அதனால் மோட்டார்ஹோமில் கீழ் எச்சரிக்கையை 10 சதவீதத்தில், அதாவது 90இல் வைப்பதே சரி. மேல் எச்சரிக்கை 20 முதல் 25 சதவீதம் கூடுதலில் இருக்கலாம், ஏனென்றால் ஓடும் டயர் சூடாகி அழுத்தம் ஏறுவது இயல்பு.

அந்த 100 எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கேள்வி. டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் காற்று பிடிப்பவர்கள் ஏராளம். அந்த எண் பயணம் போகத் தயாராகச் சாமான் ஏற்றிய குறிப்பிட்ட ஒரு வண்டியின் எடையைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. தண்ணீரும் எரிபொருளும் துணிமணியும் ஆட்களும் ஏறிய நிலையில் வண்டியை எடை போட வேண்டும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடை ஒவ்வொரு அச்சின் எடையையும் தரும். டெக்சஸின் லிவிங்ஸ்டனில் இருக்கும் எஸ்கேபீஸ் போன்ற மோட்டார்ஹோம் சங்கங்கள் சக்கரத்துக்குச் சக்கரம் எடை எடுத்துக் கொடுக்கின்றன. ஓர் அச்சில் எந்தப் பக்கம் கனமோ, அந்த எடைக்கு டயர் நிறுவனத்தின் அட்டவணை சொல்லும் அழுத்தத்தை இருபக்கமும் வைக்க வேண்டும்.

அளப்பதும் விடியற்காலையில், வெயில் படுமுன். ஒருபக்கம் மட்டும் வெயில் விழுந்தால் அந்தப் பக்க டயர்கள் ஏறிய அழுத்தத்தைக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது பெரிய தவறு. 32 டிகிரி செல்சியஸ் அரிசோனா வெயிலில் 100 வைத்த டயர், மறுநாள் வயோமிங் மலையில் 4 டிகிரியில் விழித்தால் ஏறக்குறைய 90 காட்டும், கருவி ஒலிக்கும். பொய்யான எச்சரிக்கை என்று எண்ணி அதை அணைத்துவிடுவார்கள் சிலர். அது பொய்யல்ல. அந்தக் குளிருக்கு அங்கே காற்று உண்மையிலேயே குறைவு. அடித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

கருவியால் ஆகாதவையும் உண்டு. பழைய டயரின் மேல்பட்டை உள்ளுக்குள் பிரியத் தொடங்குவதை அது சொல்லாது. மோட்டார்ஹோம் டயர் தேய்வதற்கு முன்பே மூத்துவிடும். பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்கிறது. ஐந்து ஆண்டு ஆனதும் ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்டச் சொல்கிறது மிஷெலின், பத்து ஆண்டில் கண்டிப்பாக மாற்றச் சொல்கிறது. அதே நிறுவனம் மோட்டார்ஹோம் ஓட்டுநர்களுக்காகத் தயாரித்த பயிற்சிப் படம் ஒன்று, டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதே, ஒரு கணம் ஆக்சிலரேட்டரை அழுத்தி வண்டியை நேராக்கு, பிறகு தானாக வேகம் குறையவிடு என்று கற்றுக்கொடுக்கிறது. கால் இயல்பாகத் தேடுவது பிரேக்கைத்தான் என்பதால், புறப்படுமுன்பே மனதில் பதிய வேண்டிய பாடம் இது.

இவ்வளவையும் உரிமையாளர் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்குவது நியாயமல்ல. பெரிய வண்டிக்கும் ஜோடி டயருக்கும் இதைக் கட்டாயமாக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று இனி சொல்லவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய லாரி, பேருந்து, கனரக டிரெய்லர் எல்லாவற்றிலும் டயர் அழுத்தக் கண்காணிப்பு கட்டாயம். அங்கே முடிந்தது இண்டியானாவில் மோட்டார்ஹோம் கட்டும் தொழிற்சாலைகளில் முடியாதா என்ன?

வாடகை வண்டிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் ஊரிலிருந்து வந்த பெற்றோரோடு மோட்டார்ஹோம் எடுத்து யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கிளம்புகிறார்கள். பழுதுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட காரைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடக்கூடாது என்று 2016 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. அதுவும் இதே 10,000 பவுண்டில் நின்றுவிடுகிறது. வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்களில் பல அந்த எடைக்கு மேலே. இரண்டு சட்டங்களிலும் அந்த எண்ணை உயர்த்துவதும், ஜோடி டயர் விலக்கை நீக்குவதும் அமெரிக்க நாடாளுமன்றமும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமும் உடனே செய்யக்கூடிய வேலை. அதுவரை வாடகைக்கு எடுப்பவர்கள் சாவியை வாங்குமுன் மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: டயர் தயாரான ஆண்டு, குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டிய அழுத்தம், ஆறு டயருக்கும் வேலை செய்யும் ஒரு கண்காணிப்புத் திரை. மூன்றாவது இல்லை என்றால் வேறு வண்டி கேட்கலாம், அல்லது மூடிக்குப் பதிலாகத் திருகும் ரகத்தைச் சொந்தமாக வாங்கி, வால்வு உலோகம்தானா என்று பார்த்துப் பொருத்திக்கொண்டு போகலாம்.