பிளம்ஸ் மரமும் கலால் துறையும்

(டிஸ்கி: நான் குடிக்கிறதில்லை. குடிங்கன்னு யாருக்கும் சொல்லவும் வரலை. இது ஒரு பழத்தைப் பத்தியும் ஒரு சட்டத்தைப் பத்தியும் ஒரு புலம்பல். அவ்வளவுதான்.)

ஷில்லாங் கோடை நம்ம ஊர் கோடை மாதிரி இல்லைங்க. ஜூன்ல மழை பிடிச்சா செப்டம்பர் கடைசி வரைக்கும் விடாது. அந்த மழைக்கு நடுவுலதான் இங்க பழம் பழுக்குது. ஜூன், ஜூலைல பிளம்ஸும் பீச்சும். ஆகஸ்ட் பக்கம் பேரிக்காய், சோயோங். காசி மொழில 'சோ'ன்னா பழம், 'யோங்'னா கறுப்பு. செர்ரிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்குங்க. நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கு கறுத்துப் போகும்.

பழைய வீடுகளுக்குப் பின்னாடி கொஞ்சமாவது இடம் இருக்கும். அதுல ஒரு பிளம்ஸ் மரம், ஒரு பேரி மரம், வேலி முழுக்க சௌசௌ கொடி. சௌசௌவுக்கு இங்க 'பிஸ்கோட்'னு பேரு. மார்க்கெட்ல அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா, கூட்டுக்கு ஆச்சு. நம்ம தமிழ்க் குடும்பங்கள் இங்க முதல்ல கத்துக்கற காசி வார்த்தை அநேகமா அதுதான் :-)

பிளம்ஸ் மரத்துல இருக்கற தொல்லை என்னன்னா, மொத்தப் பழமும் ரெண்டு மூணு வாரத்துல பழுத்துத் தொலைக்கும். மழை பெஞ்சா தோல் வெடிக்கும். வெடிச்ச பழம் ரெண்டு நாள் தாங்காது. ஊரே பழத்தைத் தூக்கிக்கிட்டு ஐயூடு சந்தைக்குப் போனா விலை எங்க நிக்கும்? எவ்வளவுதான் ஜாம் காய்ச்சறது? அக்கம்பக்கத்துக்கு எவ்வளவுதான் கொடுக்கறது? அவங்க வீட்லயும் அதே மரம்தானே. மிச்சப் பழம் ஜாடிக்குள்ள போகுது. ஜூலைல போட்டா கிறிஸ்துமஸுக்கு வைன். ஷில்லாங்குல எத்தனையோ வீடுகள்ல இது நம்ம வீட்டு மாவடு மாதிரி ஒரு வருஷாந்திர வேலை.

செய்முறை ஒண்ணும் ராணுவ ரகசியம் இல்லை. ஒரு கிலோ பழத்துக்கு ஒரு லிட்டர் தண்ணி, கால் கிலோ சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட். பழத்தைப் பிசைஞ்சு, ஜாடில போட்டு, துணி கட்டி, தினம் ஒரு தடவை கிளறி விடணும். ஒரு வாரத்துல நுரை அடங்கும். வடிகட்டி, கழுத்து குறுகின கண்ணாடி ஜாடிக்கு மாத்தி, மூடில ஒரு குழாயைச் செருகி, அதோட மறுமுனையைத் தண்ணி இருக்கற டம்ளர்ல விட்டுடணும். உள்ள உருவாகற வாயு வெளிய போகும், வெளிக்காத்து உள்ள வராது. காத்து உள்ள புகுந்தா வினிகர்தான் கிடைக்கும். வாயு அடங்கறதுக்கு முன்னாடி பாட்டில்ல அடைச்சு இறுக்கினா ராத்திரி பாட்டில் வெடிக்கும். வீட்டு வைன்ல நடக்கற விபத்தெல்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டுதான்.

பழத்தோட சொந்தச் சர்க்கரை, நாம போட்ட சர்க்கரை ரெண்டும் சேர்ந்து லிட்டருக்கு சுமார் 200 கிராம் வரும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்னா ஏறக்குறைய 1 சதவீதம் ஆல்கஹால். ஆக 11, 12 சதவீதத்துல வந்து நிக்கும். இதை அளக்க ஹைட்ரோமீட்டர் இருக்கு. நம்ம பால்மானிக்கு அண்ணன். சில நூறு ரூபாய்தான் விலை. புளிக்க வைக்கறதுக்கு முன்னாடி ஒரு அளவு, முடிஞ்சப்புறம் ஒரு அளவு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல பெருக்கினா சதவீதம். 1.090-ல ஆரம்பிச்சு 0.995-ல முடிஞ்சா பன்னெண்டரைக்குப் பக்கம். ஓப்பனிங் பேலன்ஸ், குளோசிங் பேலன்ஸ் பார்த்தே தலைமுடி கொட்டினவனுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தங்கமணிதான், "வீட்டுக் கணக்கை இப்படிப் பார்த்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்"னாங்க.

பழத்துல சர்க்கரை தயாரா இருக்கு. அரிசில அது கிடையாது, மாவுச்சத்துதான். அதனால வடகிழக்குல அரிசி பீருக்கு ஒரு மருந்து வில்லை தட்டி வச்சுக்கறாங்க. அரிசி மாவுல இலை, பட்டையெல்லாம் இடிச்சுச் சேர்த்து உலர்த்தினது. அதுல இருக்கற பூஞ்சை மாவைச் சர்க்கரையா மாத்த, கூடவே இருக்கற ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலா மாத்தும். ராத்திரி இட்லி மாவைப் பொங்க விடறவங்களுக்கு இதுல பாதி விளங்கிடும். அஸ்ஸாம்ல டிமாசா மக்கள் ஒட்டரிசில செய்யற 'ஜூடிமா'வுக்கு 2021-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு.

இப்ப சட்டத்துக்கு வர்றேன். மது மாநிலப் பட்டியல்ல வர்ற விஷயம். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி. இந்தப் பக்கத்துப் பழைய கலால் சட்டத்துல பழங்குடி மக்கள் வீட்டுத் தேவைக்கு அரிசி பீர் புளிக்க வைக்க இடம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துலயே இது வீட்டுச் சமாச்சாரம்னு புரிஞ்சிருக்கு. ஆனா பழ வைன் ரொம்ப நாளா ரெண்டுங்கெட்டான். எல்லாரும் செய்வாங்க, எல்லாருக்கும் தெரியும், கேட்டா யாரும் செய்யலை. 2020 செப்டம்பர்லதான் வீட்டுப் பழ வைனுக்கு லைசென்ஸ் கொடுத்து விக்க விடலாம்னு மேகாலய அமைச்சரவை முடிவு பண்ணுச்சு. கேரளாவும் 2022-ல பழ வைன் செய்யற சின்ன ஆலைகளுக்குன்னு தனி விதிகள் போட்டுச்சு.

இது சரியான முடிவுங்கறது என் கட்சி. 'குடியை வளர்க்கறாங்க'ன்னு நம்ம வீடுகள்ல ஒரு பேச்சு இருக்கறதாலதான் இவ்வளவு நீட்டி முழக்கறேன்.

நம்ம தமிழ்க் காதுக்கு 'வீட்ல செஞ்சது'ன்னாலே கள்ளச்சாராயம்னு விழுது. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தாங்க. இங்க பக்கத்துல அஸ்ஸாம்ல, 2019 பிப்ரவரில, கோலாகாட், ஜோர்ஹாட் பக்கம் 150 பேருக்கு மேல. பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் கூலி ஜனங்க. ஆனா இந்த மாதிரிக் கூட்டச் சாவுகளுக்குக் காரணம் பழம் புளிச்சதும் இல்லை, அரிசி புளிச்சதும் இல்லை. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் சாராயத்துல வந்து சேர்றதுதான். பழத்தைப் புளிக்க வச்சா அதுலயும் துளி மெத்தனால் உண்டாகும், வாஸ்தவம். ஆனா கடைல லேபிள் ஒட்டி விக்கற வைன்லயும் அதே துளி இருக்கு. அது ஆளைக் கொல்ற அளவு இல்லை. வைனால வர்ற கெடுதி வைன்ல இருக்கற சாதாரண ஆல்கஹாலோட கெடுதி. அது வேற பயம். அந்தப் பயம் இருக்கட்டும்.

மூணு சமாச்சாரம் இருக்குங்க. ஒண்ணு, தன் வீட்டுக்குன்னு புளிக்க வைக்கறது. ரெண்டு, அதையே பத்துப் பாட்டில் விக்கறது. மூணு, காய்ச்சி வடிச்சுச் சாராயமாக்கறது. நம்ம நாட்டுல பல மாநிலச் சட்டம் மூணையும் ஒரே கம்பால அடிக்குது. இங்கிலாந்துலயும் ஒரு காலத்துல வீட்ல பீர் காய்ச்ச லைசென்ஸ் வேணும், 1963-ல எடுத்துட்டாங்க. அமெரிக்காவுல 1978-ல சட்டம் கொண்டு வந்து, ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்டுக்கு வருஷம் 200 கேலன் வரைக்கும் வைன் செஞ்சுக்கலாம், விக்கக் கூடாதுன்னாங்க. காய்ச்சி வடிக்கறதுக்கு அந்த ரெண்டு மாற்றமும் வீட்ல அனுமதி கொடுக்கலை. கோடு எங்க கிழிக்கணுமோ அங்க கிழிச்சிருக்காங்க.

நம்ம தமிழ்நாட்டை எடுத்துக்குங்க. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு. கள்ளுக்கு 1987-லேர்ந்து தடை. 2003-லேர்ந்து சில்லறை மது வியாபாரம் டாஸ்மாக் கைல. பனையிலேர்ந்து இறக்கற 5 சதவீதச் சமாச்சாரம் குத்தம், 42.8 சதவீத பிராந்தி அரசாங்கக் கடைல கிடைக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு வந்துச்சு. அந்தத் திராட்சையை ஒரு கிலோ வாங்கி வீட்டு ஜாடில புளிக்க வச்சா அதே 1937 சட்டம் பாயும். கள்ளை அனுமதிக்கணுமா வேண்டாமாங்கற சண்டைக்குள்ள நான் போகலை, அது பெரிய கதை. இதுல ஆரோக்கியம், ஒழுக்கம்னு காரணம் சொன்னா மட்டும் சிரிப்பு வருது.

வங்கி மேசையிலேர்ந்து பார்த்தா இந்த லைசென்ஸுக்கு இன்னொரு முகம் தெரியும். காசிகள்ல சொத்து கடைசிப் பொண்ணுக்கு. சந்தைல கடை போட்டிருக்கறதும் பெரும்பாலும் பெண்கள்தான். நாம அக்கான்னு கூப்பிடற மாதிரி இங்க 'காங்'. கடன் கேட்டு வர்ற காங்களுக்கு வருமானம் இருக்கும், காகிதம் இருக்காது. "என்ன தொழில்?"னு கேட்டா "ஜாம், ஊறுகா"ம்பாங்க. ஜாம்ல இவ்வளவு வராதுன்னு எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும். எழுத முடியாத வருமானத்தை வச்சு எந்த அதிகாரி கடன் கொடுப்பான்? முத்ரால சிசு வகைன்னு 50,000 ரூபாய் வரைக்கும் இருக்கு. கண்ணாடி ஜாடி, ஹைட்ரோமீட்டர், கார்க் அடிக்கற கருவி, வடிகட்டி எல்லாத்துக்கும் அந்தத் தொகையே தாராளம். அதுக்கும் படிவத்துல தொழிலோட பேரை எழுதியாகணும். லைசென்ஸ் வந்தப்புறம் எழுதலாம். கணவர் போனப்புறம் வீட்டுப் பின்பக்கத்து நாலு மரத்தை நம்பிப் பிள்ளைங்களைக் காலேஜ் அனுப்பற ஒரு காங்குக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம்னு, படிவம் நிரப்பினவங்களுக்குத்தான் தெரியும்.

குறையும் இருக்கு. லைசென்ஸ்னா கட்டணம், பரிசோதனை, லேபிள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட தரம்னு வரிசையா நிக்கும். 2018-ல வந்த அந்தத் தர விதிகள்படி லேபிள்ல ஆல்கஹால் சதவீதம் போட்டே ஆகணும். இது நல்லதுதான். ஹைட்ரோமீட்டர் பத்தி அவ்வளவு நேரம் பேசினதே அதுக்குத்தான். ஆனா வருஷம் நூறு பாட்டில் விக்கறவங்களையும் பத்தாயிரம் பாட்டில் விக்கறவங்களையும் ஒரே தராசுல வச்சா, நூறு பாட்டில் காங் பேசாம பழைய மாதிரி ஜாம்னே எழுதிட்டுப் போயிடுவாங்க. என் மேசைக்கு வந்தவங்கள்ல இதைச் சொன்னவங்க உண்டு. அப்பளம், ஊறுகாய்க்கு மகளிர் குழு மூலமா ஒரே இடத்துல பரிசோதனை, ஒரே லேபிள்னு செய்யற மாதிரி இதுக்கும் செய்யலாமே? மாவட்டத்துக்கு ஒரு பரிசோதனை மேசை போதும்.

குடியால கெட்டுப்போன குடும்பம் இந்த மலைகள்லயும் இருக்கு. மிசோரம்ல 2019-ல மறுபடி மதுவிலக்கு வந்ததுக்குப் பின்னாடி சர்ச்சுகளோட அழுத்தம் இருந்துச்சு; அவங்க கவலையைப் பழமைவாதம்னு நான் ஒதுக்கத் தயாரில்லை. வீட்ல ஜாடி இருந்தா வீட்டுப் பையன் கைவைக்க மாட்டானான்னு கேட்டா, வைப்பான். பூட்டு போட்டுத்தான் வைக்கணும். இதுக்கு லைசென்ஸ்ல மருந்து இல்லை.

நம்ம குடும்பங்களுக்கு ஒண்ணு. கிறிஸ்துமஸ் சமயத்துல பக்கத்து வீட்டு காங் கேக்கோட ஒரு பாட்டிலும் நீட்டுவாங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுங்க, அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அவங்க எதிர்லயே தமிழ்ல "சாராயம்டி"ன்னு கிசுகிசுக்கறதை விட்டுடலாம். அவங்களுக்கு வார்த்தை புரியாட்டியும் முகம் புரியும்.

அப்புறம் எல்லாரும் கேக்கற கேள்வி: லீவுக்குப் போறப்ப ஊருக்கு ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போலாமா? ரயில்ல வேண்டவே வேண்டாம். குவாஹாட்டிலேர்ந்து சென்னை போற வண்டி நியூ ஜல்பைகுரி தாண்டினதும் கிஷன்கஞ்ச், பார்சோய்னு கொஞ்ச தூரம் பீகாருக்குள்ள போகுது. அங்க 2016 ஏப்ரல்லேர்ந்து முழு மதுவிலக்கு. மேகாலயாவுல லைசென்ஸ் வாங்கின பாட்டில்ங்கற பேச்செல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்துல செல்லாது. ஊருக்குன்னு ஏதாவது கொண்டு போயே ஆகணும்னா சோயோங் ஸ்குவாஷ் வாங்கிக்குங்க. கலர் வைன் மாதிரியேதான் இருக்கும், பாட்டிக்கும் கொடுக்கலாம்.