உழைத்த கைகளுக்கு முதுமையில் என்ன உண்டு?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடப்படும் தோலும் தைக்கப்படும் ஷூக்களும் ஐரோப்பியக் கடைகள்வரை செல்கின்றன. அவற்றைச் செய்த தொழிலாளி வயதாகி வேலையை விட்டு நிற்கும்போது அவர் கையில் என்ன இருக்கும்? அவர் பெயர் வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.எஃப். கணக்கில், இருந்ததா என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் அமைகிறது.

யார் யாருக்கு இந்த உரிமை உண்டு? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்கு பி.எஃப். பொருந்தும் என்று 1952ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே எண்ணிக்கையையே வைத்துள்ளது. "மூன்று மாதம் போகட்டும், பிறகு சேர்க்கிறோம்" என்று சொல்ல இடமில்லை. 1990 நவம்பர் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே தகுதி உண்டு. காண்ட்ராக்டர் மூலம் வந்தவரையும் பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவரையும் விலக்கி வைக்க முடியாது.

பத்தாயிரம் ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி 1,200 ரூபாய் செலுத்துகிறார். நிர்வாகமும் 1,200 ரூபாய் செலுத்த வேண்டும். நிர்வாகத்தின் பங்கில் 833 ரூபாய் ஓய்வூதியத்துக்கும் 367 ரூபாய் சேமிப்புக்கும் போகிறது. ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். ஆர்டர் குறைந்து கம்பெனி மாறும் ஒவ்வொரு முறையும் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்த ஆண்டுகள் கணக்கில் வராமல் போய்விடும்.

இதுவரை சொன்னது தொழிற்சாலைக்குள் இருப்பவர்களின் நிலை. ஆனால் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைக்கும் பெண்களை நாம் அறிவோம். வெட்டிய தோலை ஏஜென்ட் கொண்டுவந்து தருகிறார். தைத்து முடித்ததும் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கிறது. கம்பெனியின் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருப்பதில்லை. பி.எஃப். கணக்கும் இருப்பதில்லை.

வீட்டில் இருந்து செய்வதால்தான் உரிமை இல்லையா? நம் பகுதியிலேயே, குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும், வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் பி.எம். படேல் அண்ட் சன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்பதை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றிய பீடியைச் சரியில்லை என்று தள்ளும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது, ஆகவே கட்டுப்பாடும் அதனிடமே இருக்கிறது என்று கண்டது. ஷூ தைக்கும் பெண்ணுக்கும் இதே நியாயம் பொருந்த வேண்டாமா? தையல் சரியில்லை என்றால் அவருடைய ஜோடியும் திரும்பித்தானே வருகிறது?

புதிய சட்டம் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்று இவர்களைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில் அவர்களை வைக்கிறது. அந்த வரிசையில் இருப்பவர்களுக்காக 2019இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத் திட்டத்தில் பாதியைத் தொழிலாளியும் பாதியை மத்திய அரசும் செலுத்துகின்றன. அவர் தைத்த ஷூவை விற்று வருமானம் பெறும் நிறுவனத்துக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. இதுதான் நாம் கேள்வி கேட்க வேண்டிய இடம். முதுமைக்கான ஓய்வூதியம் தொழிலாளியின் உரிமைகளில் ஒன்று என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மனித உழைப்பைப் பற்றி 1981இல் எழுதிய சுற்றுமடலில் கற்பித்தார். உரிமை என்றால் அதை நிறைவேற்றும் கடமை யாருக்கோ இருக்க வேண்டும். உழைப்பின் பலனை அனுபவிப்பவரை அந்தக் கடமையிலிருந்து விடுவிப்பது நீதியாகுமா?

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கம்பெனிக்குச் செல்வோர் தங்கள் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, பிடித்த பணம் கணக்கில் ஏறியுள்ளதா என்று உமாங் செயலியில் பார்க்கலாம். ஏறவில்லை என்றால் வேலூரிலுள்ள பி.எஃப். அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் தரலாம். வீட்டில் தைப்பவர்கள், தோல் மற்றும் காலணித் தொழிலாளர்களுக்கான தமிழக அரசின் நலவாரியத்தில் பதிவு செய்வதோடு, யாரிடம் எத்தனை ஜோடி வாங்கினோம், எவ்வளவு கூலி பெற்றோம் என்பதைத் தேதியுடன் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். நாளை உரிமை கேட்கும்போது அதுவே சாட்சியாக நிற்கும். அன்பியக் கூட்டங்களில் படித்த பிள்ளைகள் இதற்கு உதவலாமே.

நம்மிடையே தோல் தொழில் நடத்துவோரும், தொழிலாளர்களை அழைத்துச் செல்லும் காண்ட்ராக்டர்களும் இருக்கலாம். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான்: உங்களுக்காகத் தைக்கும் கைகள் எத்தனை என்று, வாசலுக்கு வெளியே இருப்பவற்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.