மெதுவாக ஓட்டினால் இஞ்சின் கெடாதாம்!



போன கிழமை என் தம்பியின் மகனுடைய பழைய 15 குதிரைவலு இஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றுவிட்டது. வேறொரு படகு கட்டி இழுத்து வரும்வரை இருட்டில் அலைந்திருக்கிறான். கரைக்கு வந்து அவன் சொன்ன முதல் வார்த்தை: "மாமி, நான் ஒருநாளும் அடிச்சு ஓட்டேல்லை. மெதுவாத்தான் ஓட்டினனான்."

அதுதானடா பிழை!

கழற்றிப் பார்த்தபோது நானும் நின்றேன். பிஸ்டன் தலையில் கரி தடித்துக் கிடந்தது. ரிங்குகள் காடியில் ஒட்டிப்போயிருந்தன. புகை வெளியேறும் வாசலில் பாதி அடைப்பு. பார்த்த மெக்கானிக் சொன்ன புத்தி: "ஒயிலைக் கூட விடு, இன்னும் மெதுவா ஓட்டு." வாய் திறந்தேன். "ரீச்சருக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிரித்தார்கள். நான் கடற்தொழிலாளியின் மகள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். சிரித்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் எரிதல் பாடம் படித்தவர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

பழைய இரண்டடிப்பு இஞ்சினில் ஒயிலும் எரிபொருளோடு சேர்ந்தே எரிகிறது. மெல்லிய ஓட்டத்தில் உள்ளே போதிய சூடு வராது. மண்ணெண்ணெய் பெற்றோலைவிடப் பாரமானது, குளிரில் சரியாக ஆவியாகாது. ஈர விறகு வைத்த அடுப்பில் சட்டி என்னவாகும்? அதுதான் உள்ளே நடக்கிறது. ரிங் ஒட்டினால் சூடான வாயு பிஸ்டன் பக்கத்தால் கீழே இறங்கி, சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலையும் எரித்துவிடும். பிறகு இறுகாமல் என்ன செய்யும்? இதற்குமேல் ஒயிலைக் கூட்டினால் கரியும் கூடும்.

இன்னொன்று. படகின் வேகம் வேறு, இஞ்சினின் சுற்று வேறு. இந்த வகை இஞ்சின்கள் பலவற்றுக்கு முழு முறுக்கில் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வரவேண்டும். பாரம் கூடினாலோ, பொருந்தாத பெரிய புரொப்பெல்லர் போட்டாலோ, கைபிடியை முழுக்க முறுக்கினாலும் சுற்று ஏறாது. "நான் வேகமாகத்தான் ஓட்டுறன்" என்பவரின் இஞ்சினும் மூச்சுத்திணறிக் கரி கட்டும். உப்பு அடைத்துவிட்டது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்களே, அவர்களை என்ன சொல்ல! இஞ்சின் கடைசிவரை குளிரிலேயே ஓடும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதை மறக்கவில்லை. மிச்சம் பிடிக்க மெதுவாகப் போனதில் நியாயம் இருந்தது. மெதுவாகப் போனால் எண்ணெய் மிஞ்சும், உண்மை. ஆனால் இஞ்சின் மிஞ்சும் என்பது பொய்.

பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்த முன் திரும்பப் பெற்றோலுக்கு வாருங்கள். வலை வேலையில் நெடுநேரம் மெல்ல ஓட்டினால், திரும்பும்போது பத்து நிமிடமாவது முக்கால் முறுக்கில் விடுங்கள். ஒயில் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும், அதுவும் படகு இஞ்சினுக்குரியது. ஓட்டோ ஒயில் வேண்டாம். ஏற்கெனவே கரி அடைத்த இஞ்சினை இதை வாசித்துவிட்டு நாளைக்கே முறுக்காதீர்கள், கரித்துண்டு கழன்று ரிங்கை உடைக்கும். முதலில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகளே, இஞ்சின் வாங்கக் காசு அனுப்புகிறீர்கள், சந்தோஷம். அடுத்த முறை நல்ல ஒயிலுக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

தம்பி மகனின் இஞ்சினை ஞாயிறு பின்னேரம் எங்கள் முற்றத்தில் பூட்டுகிறோம். சிரித்த இரண்டு பேரும் வரலாம். தேத்தண்ணி தருவேன்.