சைலன்சரின் விலையைக் கொடுப்பவர் யார்?

1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை அமைந்த ஊர் திருவொற்றியூர். அந்த நெடுஞ்சாலையிலேயே இன்று, ஒலியை அடக்கும் உள்தடுப்பை நீக்கிய சைலன்சருடன் புல்லட்டுகள் அதிர்ந்து செல்கின்றன. பொருளியல் வகுப்பில் புறவிளைவுக்கு ஆலைப் புகையை எடுத்துக்காட்டுவேன். இன்றானால் இதைச் சொல்வேன். விற்றவருக்கு லாபம், வாங்கியவருக்கு மிடுக்கு, ராயபுரத்தில் உறங்குபவருக்குச் செலவு. கன்டெய்னர் லாரியின் இரைச்சலாவது துறைமுகத்தின் பிழைப்போடு வந்தது.

குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த இரவு வரம்பு 45 டெசிபல். ஒலி வரம்பை மீறும் ஓட்டுநருக்கு, 2019 சட்டத்திருத்தத்தின்படி, 10,000 ரூபாய் வரை அபராதம். பறித்த சைலன்சர்களைச் சாலை உருளையால் நசுக்கும் காட்சியும் பல நகரங்களில் நடந்தேறுகிறது. வாங்குவோர் பலர், விற்கும் கடைகளோ சில. கண்காணிப்பு அங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்? ஒலியளவுச் சான்று பொறிக்காத சைலன்சரை எந்தக் கடையும் விற்கக் கூடாது.